கைகள் இயங்காதவர் தலை அசைவால் கைத்தொலைபேசியைப் பயன்படுத்துவது எப்படி?

கேட்கப்பட்டது: "என் அப்பாவுக்கு 54 வயது. சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்ததில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு இரண்டு கைகளும் கால்களும் செயலிழந்துவிட்டன. தலையை நன்றாகத் திருப்புகிறார். பேசுகிறார், ஆனால் குரல் மெலிந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் தமிழில் எழுதவும், ஒலி 968 வானொலி கேட்கவும், எங்களை அழைக்கவும் ஒவ்வொரு முறையும் பணிப்பெண்ணைக் கூப்பிட வேண்டியிருப்பது அவருக்கு வேதனையாக இருக்கிறது. தலையை அசைத்தே கைத்தொலைபேசியை இயக்கலாம் என்கிறார்கள். அவரிடம் ஆண்ட்ராய்டு இருக்கிறது. ஐபோன் வாங்க வேண்டுமா, தனிக் கருவி வாங்க வேண்டுமா, எங்கிருந்து தொடங்குவது?"

இயக்கலாம். அதையும் புதிதாக எதையும் வாங்காமல், இப்போது கையில் இருக்கும் தொலைபேசியிலேயே முயன்று பார்க்கலாம். எந்தச் செயலி நல்லது என்ற கேள்வியோடு தொடங்கும் குடும்பங்கள் இரண்டு மூன்று வாரங்களில் சோர்ந்து கைவிட்டுவிடுவதையும், முதலில் கழுத்து, பிறகு தொலைபேசியைத் தாங்கும் கம்பி, அதன் பிறகே செயலி என்ற வரிசையில் தொடங்குபவர்கள் மாதக்கணக்கில் நிலைத்துப் பயன்படுத்துவதையும் இத்தகைய பயிற்சி தரும் வேலையில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். எனவே அதே வரிசையில் எழுதுகிறேன்.

தலையைத் திருப்பும் முக்கியமான தசைகளுக்கு 11ஆம் மூளை நரம்பிலிருந்து கட்டளை செல்கிறது. அதனால்தான் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டுக் கைகளை இழந்தவர்களில் பலருக்குத் தலையசைவு மிஞ்சியிருக்கிறது. உங்கள் அப்பாவின் நிலை இதுவே என்று தோன்றுகிறது. காலப்போக்கில் கழுத்துத் தசைகளும் தளரக்கூடிய ஏஎல்எஸ் போன்ற நோயாக இருந்திருந்தால், தலையசைவுக்கு இவ்வளவு உழைப்பைச் செலவிடாமல், பொதுவாக நெடுநாள் தாக்குப்பிடிக்கும் கண்ணசைவை நோக்கி முன்கூட்டியே நகரச் சொல்லியிருப்பேன். தண்டுவடக் காயம் அப்படி நாளுக்கு நாள் வளரும் நோய் இல்லை. இன்று அவர் பழகும் அசைவு பல ஆண்டுகளுக்குப் பயன்படும். இருந்தாலும் கழுத்தில் அறுவைச் சிகிச்சை செய்து உலோகத் தகடு பொருத்தியிருந்தால், எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பலாம் என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்காமல் ஒரு நாள்கூடப் பயிற்சியைத் தொடங்காதீர்கள். மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அந்த எடையை ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான முறை சிறிது சிறிதாக நகர்த்துவது, நலமாக இருப்பவருக்கே கழுத்துவலியைத் தரும். முதல் இரண்டு வாரங்கள் ஒரு தடவைக்கு 10 நிமிடம், ஒரு நாளுக்கு மூன்று நான்கு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் உற்சாகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் என்று கேட்பார், அப்போதும் நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது தாங்கு கம்பி. இதற்குச் செலவிடும் நேரம் வேறு எதற்கும் செலவிடும் நேரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடைகளில் கிடைக்கும், நினைத்தபடி வளையும் கழுத்துள்ள பிடிப்பான் முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும். மின்விசிறிக் காற்றிலும், யாரேனும் மேசையில் இடித்தாலும் அது ஆடும், தொலைபேசி ஆடினால் திரையிலுள்ள சுட்டியும் ஆடும், ஆனால் தன் கழுத்தில்தான் கோளாறு என்று அப்பா நினைத்துக்கொள்வார். மூட்டுகளை இறுக்கிப் பூட்டக்கூடிய உலோகக் கையைத் தேடுங்கள். அதைச் சக்கர நாற்காலியில் பொருத்துங்கள், மேசையில் வேண்டாம். ஒரே நிலையில் உட்கார்ந்திருப்பதால் புண் வராமல் இருக்க நாற்காலியைப் பின்னுக்குச் சாய்க்கும்போது தொலைபேசியும் அவரோடு சேர்ந்து சாய வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு சாய்வுக்குப் பிறகும் யாராவது வந்து திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும். முகத்திலிருந்து ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் தூரத்தில், முன்பக்கக் கேமரா அவருடைய கண் மட்டத்தில் இருக்கட்டும். அதற்குக் கீழே வைத்தால் நாள் முழுவதும் தாடையைத் தாழ்த்தியே இருக்க நேரும்.

வெளிச்சத்தையும் பாருங்கள். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் வரவேற்பறையில் சன்னல் ஒரு சுவர் முழுக்க இருக்கும். நாற்காலியைச் சன்னலுக்கு முதுகு காட்டி வைத்தால் கேமராவுக்கு அவருடைய முகம் வெறும் நிழலாகத் தெரியும். நாற்காலியைச் சற்றுத் திருப்பி வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

இனி, இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெரிந்திருந்தால் அமைப்புகளை மாற்றும்போது குழப்பம் இராது. கேமரா தரும் ஒவ்வொரு படத்திலும் மென்பொருள் முகத்தைக் கண்டுபிடித்து, மூக்கு நுனி, கண்ணோரம், உதட்டோரம் போன்ற இடங்களைக் குறித்துக்கொள்கிறது. கூகுளின் மீடியாபைப் என்ற மென்பொருள் ஒரு முகத்தில் 400க்கும் மேற்பட்ட புள்ளிகளைக் குறிக்கிறது. ஃபேஸ் ஐடி உள்ள ஐபோன்கள் கண்ணுக்குத் தெரியாத 30,000க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தின்மீது வீசி ஆழத்தையும் அளக்கின்றன. ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு அந்த இடங்கள் எவ்வளவு நகர்ந்தன என்பதே சுட்டியின் நகர்வாக மாறுகிறது. மூச்சு விடும்போது ஏற்படும் நடுக்கத்தை வடிகட்டச் சுட்டியை மென்மையாக்கும் அமைப்பு ஒன்று இருக்கும். அதை அதிகமாக்கினால் நடுக்கம் நிற்கும், ஆனால் சுட்டி தலைக்குப் பின்னால் தாமதமாக இழுபட்டு வரும். குறைத்தால் உடனே நகரும், ஆனால் துள்ளும். இரண்டுக்கும் நடுவில் உங்கள் அப்பாவுக்கு மட்டுமே பொருந்தும் ஓரிடத்தைப் பொறுமையாகத் தேட வேண்டும். சுட்டி திரையின் நடுவே இருக்கும்போது தலை ஒரு பக்கம் கோணலாக இருப்பதாக அவர் சொன்னால், அதற்கு எதிர்ப் பக்கத்துத் திரை ஓரத்தில் சுட்டி முட்டி நின்ற பிறகும் தலையை இன்னும் கொஞ்சம் திருப்பிவிட்டுத் திரும்பி வரச் சொல்லுங்கள். சுட்டி ஓரத்தில் நிற்க, தலை மட்டும் நகர்ந்துவிடுவதால் இரண்டும் மறுபடி ஒத்துப்போகும். இந்தச் சிறு உத்தியை யாரும் சொல்லித் தராததால் பலர் நாள் முழுவதும் கோணல் கழுத்தோடு துன்பப்படுகிறார்கள்.

சுட்டியை நகர்த்துவது எளிது. நகர்த்திய இடத்தில் தட்டுவதுதான் கடினம். பெரும்பாலான அமைப்புகளில் சுட்டியை ஒரே இடத்தில் ஒரு விநாடி போல நிறுத்தி வைத்தால் அது தானே தட்டிக்கொள்ளும். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் படிப்பதற்காகத் தலையை அசைக்காமல் வைத்திருந்தாலும் அது தட்டிவிடும். நாளிதழ்ச் செய்தி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தவர் தன்னை அறியாமல் மூன்று பேருக்கு அழைப்பு விடுத்ததைப் பார்த்திருக்கிறேன். எனவே தானாகத் தட்டுவதை நிறுத்தி வைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதையே முதல் பாடமாகக் கற்றுக்கொடுங்கள். புருவத்தை உயர்த்துதல், வாயைத் திறத்தல், புன்னகைத்தல் போன்ற முக அசைவையே தட்டலாக வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. வாய் திறப்பதைத் தட்டலாக வைத்தால் பேசும்போதும் சாப்பிடும்போதும் தொல்லை. உங்கள் அப்பாவுக்குப் புருவத்தைப் பரிந்துரைப்பேன்.

ஆண்ட்ராய்டில் 2021 முதல், திரையைத் தொடாமல் இயக்க உதவும் ஸ்விட்ச் ஆக்சஸ் வசதியோடு கேமரா ஸ்விட்ச் என்ற ஒன்று கிடைக்கிறது. வாய் திறத்தல், புன்னகை, புருவம் உயர்த்தல், இடம், வலம், மேல் பார்த்தல் ஆகிய ஆறு அசைவுகளை அது அறிகிறது. இதில் சுட்டி கிடையாது. திரையிலுள்ள பொத்தான்கள் ஒவ்வொன்றாக ஒளிர, வேண்டியது ஒளிரும்போது புருவத்தை உயர்த்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். மெதுவானது, ஆனால் கழுத்தை வருத்தாது. சுட்டி வேண்டும் என்றால் ஈவா ஃபேஷியல் மவுஸ் என்ற திறமூலச் செயலி பல ஆண்டுகளாக இருக்கிறது. பக்கவாட்டு வேகத்தையும் மேல்கீழ் வேகத்தையும் தனித்தனியாக மாற்ற அது இடம் தருவதால், தலையைத் திருப்ப முடிந்தும் நிமிர்த்தக் கடினப்படுபவர்களுக்கு நன்கு பொருந்துகிறது. கூகுளின் கேம்ஃபேஸ் திட்டத்தையும் குறிப்பிட வேண்டும். தசைநலிவு நோயுள்ள லான்ஸ் கார் என்ற அமெரிக்கக் கணினி விளையாட்டாளர் தலையசைவுக் கருவியால் விளையாடிவந்தார். வீட்டில் ஏற்பட்ட தீயில் அந்தக் கருவி அழிந்துபோனது. அவருடைய தேவையிலிருந்து பிறந்த மென்பொருளை கூகுள் 2023 மே மாதம் கணினிக்கும், 2024 மே மாதம் ஆண்ட்ராய்டுக்கும் திறமூலமாக வெளியிட்டது.

ஐபோனில் 2013இல் ஐஓஎஸ் 7உடன் வந்த ஸ்விட்ச் கண்ட்ரோல் வசதி, தலையை இடப்பக்கம் திருப்புவதையும் வலப்பக்கம் திருப்புவதையும் இரண்டு பொத்தான்களாக எடுத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் திருப்பினால் அடுத்ததற்குச் செல், மறுபக்கம் திருப்பினால் தேர்ந்தெடு என்று அமைத்துக்கொள்ளலாம். 2024இல் வந்த ஐஓஎஸ் 18 கண்ணசைவைப் பின்தொடரும் வசதியைத் தந்தது. ஐபோன் 12 முதலான தொலைபேசிகளில் அது இயங்கும். தலையசைவால் தொலைபேசியை இயக்கும் வசதியை ஆப்பிள் 2025 மே மாதம் அறிவித்தது. அன்றைய அறிவிப்பில் நம் ஊருக்கு இன்னொரு செய்தியும் இருந்தது: குரலால் தொலைபேசியை இயக்கும் வாய்ஸ் கண்ட்ரோல் வசதியில் சேரும் மொழிகளில் சிங்கப்பூர் ஆங்கிலமும் ஒன்று. உங்கள் அப்பாவின் குரல் மெலிந்திருப்பதால் நாள் முழுவதும் குரலை நம்பியிருக்க முடியாது, ஆனால் தலையசைவுக்கு நடுவே ஓரிரு சொற்கள் பேசி ஒரு செயலியைத் திறப்பது கழுத்துக்குப் பெரிய ஓய்வு.

ஆகவே ஐபோன் வாங்க வேண்டுமா என்பதற்கு என் பதில்: ஒரு மாதம் ஆண்ட்ராய்டில் பழகட்டும், அதன் பிறகு முடிவு செய்யுங்கள். தனிக் கருவியைப் பற்றியும் அப்போது யோசிக்கலாம். கண்ணாடிச் சட்டம்போலவோ தலைப்பட்டைபோலவோ அணியும் புளூடூத் மவுஸ்கள் உள்ளன. அவை தலையின் அசைவைத் தம்முள்ளிருக்கும் உணரியால் அறிவதால் கேமராவே தேவையில்லை. வெயிலிலும் இருட்டிலும் ஒரே மாதிரி வேலை செய்யும், பல்லால் மெல்லக் கடித்துத் தட்டும் பொத்தானுடனும் கிடைக்கும். கேமராவை இடைவிடாமல் இயக்கும் தொலைபேசி சூடாவதும் பேட்டரி விரைவில் தீர்வதும் நம் ஊர் வெப்பத்தில் உண்மையான தொல்லைகள். நாற்காலியில் பூங்காவுக்கோ கோவிலுக்கோ செல்லும் வழக்கம் அவருக்கு இருந்தால் தனிக் கருவியின் விலை நியாயமாகிவிடும். அதை ஒவ்வொரு நாளும் ஒருவர் மாட்டிவிட வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுவதைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்வதில்லை என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன். தலையால் எழுதுபவருக்கு ஒவ்வொரு தட்டலும் ஒரு விலை. 'வணக்கம்' என்பதை ஆங்கில ஒலிப்படி தட்டும் அஞ்சல் முறையில் எழுத எட்டு எழுத்துகளும், டண்ணகரத்துக்காக மாற்றுப் பொத்தான் ஒன்றுமாக ஒன்பது தட்டல்கள் வேண்டும். தமிழ் எழுத்துகளையே நேராகத் தட்டும் தமிழ் 99 முறையில் வ, ண, க, க, ம, புள்ளி என ஆறே தட்டல்கள். இரண்டாவது ககரத்தைத் தட்டியதும் முதல் ககரம் தானே புள்ளி பெற்றுவிடுகிறது. 'தம்பி' என்பதற்கு த, ம, ப, இ என நான்கே போதும், ஏனென்றால் மகரத்தை அடுத்துப் பகரம் வந்தால் இடையிலுள்ள புள்ளியை அந்த முறை தானே இட்டுக்கொள்ளும். ஒரு தட்டலுக்கு நகர்த்துவதும் நிறுத்துவதுமாக இரண்டு விநாடி என்று வைத்துக்கொண்டால், வணக்கம் சொல்ல ஒரு முறையில் 18 விநாடியும் மற்றதில் 12 விநாடியும் ஆகும். நான்கு வரிச் செய்தியில் இந்த வேறுபாடு கழுத்தில் தெரியும். தமிழ் 99இல் பொத்தான்கள் அதிகம் என்பதால் ஒவ்வொன்றும் ஒடுக்கமாக இருக்கும் என்பது அதன் குறை. தொலைபேசியைக் கிடையாகத் திருப்பிப் பொருத்தினால் அந்தக் குறை பெரும்பாலும் சரியாகிவிடும். முடிந்தால் ஒரு டேப்லெட்டே வைத்துக்கொள்ளலாம். எந்த விசைப்பலகையைத் தேர்ந்தாலும், மேலே சொன்ன இரண்டு சொற்களையும் தட்டிப் பார்த்துப் புள்ளி தானாக விழுகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்; தமிழ் எழுத்துகளை வெறுமனே அடுக்கிவைத்திருக்கும் பலகைகள் சில அதைச் செய்வதில்லை.

நீண்ட செய்திகளுக்கு கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் குரல்வழித் தட்டச்சு இருக்கிறது. மொழிப் பட்டியலில் சிங்கப்பூர்த் தமிழ் தனித் தெரிவாகவே உள்ளது. மைக் பொத்தானைத் தலையால் தட்டிவிட்டு மெல்லிய குரலில் பேசினால் போதும், தொலைபேசி முகத்தருகே இருப்பதால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். தவறாக விழுந்த ஒரு சொல்லை மட்டும் தலையால் திருத்தலாம். வாட்ஸ்அப்பில் குரல்செய்தி அனுப்பப் பொத்தானை அழுத்திப் பிடித்து மேலே தள்ளிப் பூட்ட வேண்டும். தலையால் அதைச் செய்வது கடினம். ஐபோனின் அசிஸ்டிவ் டச் பகுதியில் அந்த அசைவை ஒருமுறை யாராவது விரலால் பதிவுசெய்து வைத்தால், பிறகு அப்பா அதை ஒரே தட்டலில் ஏவலாம். அடிக்கடி எழுதும் வரிகளுக்குச் சுருக்கங்களும் அமைத்துக் கொடுங்கள்: 'சா' என்று தட்டினால் 'சாப்பிட்டாயா?' என்று விரியட்டும்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. ஆண்ட்ராய்டில் தலையசைவுச் செயலி எதுவானாலும் அணுகல்தன்மைச் சேவை என்ற அனுமதியைக் கேட்கும், ஏனென்றால் திரையைப் பார்த்து அதன்மீது தட்டும் உரிமை அதற்குத் தேவை. மோசடிக்காரர்கள் பொய்ச் செயலிகள் மூலம் கேட்பதும் அதே அனுமதியைத்தான். அதனால் 2024 பிப்ரவரியில் கூகுளும் சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பும் இணைந்து தொடங்கிய திட்டத்தில், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து இறக்கப்படும் செயலிகள் இந்த அனுமதியைக் கேட்டால் நிறுவப்படும்போதே தடுக்கப்படுகின்றன. இங்குள்ள சில வங்கிச் செயலிகளும் அப்படிப்பட்ட செயலி இருக்கும் தொலைபேசியில் திறக்க மறுக்கும். யாரேனும் ஒரு கோப்பை அனுப்பி அதை நிறுவச் சொன்னால், எவ்வளவு நல்ல நோக்கத்தோடு சொன்னாலும், ஏற்காதீர்கள். பிளே ஸ்டோரில் இருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள். வங்கிக் கணக்கு அப்பாவின் தொலைபேசியில் இருந்தால், தலையசைவுச் செயலியை நிறுவிய அன்றே வங்கிச் செயலி திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் தொட்டுப் பார்க்க இடம் இருக்கிறது. ரெட்ஹில் பகுதியில் 20 லெங்கோக் பாருவில் உள்ள எனேபலிங் வில்லேஜில், உடற்குறையுள்ளோருக்கு உதவும் அமைப்புகளான எஸ்ஜி எனேபலும் எஸ்பிடியும் சேர்ந்து நடத்தும் டெக் ஏபல் கூடத்தில் உடற்குறையுள்ளோருக்கான துணைக் கருவிகளை நேரில் முயன்று பார்க்கலாம். துணைத் தொழில்நுட்ப நிதி தகுதியுள்ளவர்களுக்குக் கருவியின் விலையில் 90 விழுக்காடு வரை தருகிறது. வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. குடும்பத்தின் தனிநபர் வருமானம் பார்க்கப்படும், தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் அந்தக் கருவி தேவை என்று உறுதிசெய்ய வேண்டும். பெரும்பாலும் அது உங்கள் அப்பாவைப் பார்க்கும் தொழில்வழிச் சிகிச்சையாளராகவே இருக்கலாம். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பிக்காதீர்கள்; மதிப்பீடு முன்னால் வரட்டும். போகும்போது அவரை அவருடைய நாற்காலியிலேயே அழைத்துச் செல்லுங்கள், தாங்கு கம்பி அந்த நாற்காலியின் குழாயில் பொருந்துகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

இவையெல்லாம் கைகூட ஒன்றிரண்டு மாதங்கள் ஆகும். அதற்குள் ஒன்றை இந்த வாரமே செய்யலாம். ஐபோனாக இருந்தால் அழைப்பு வந்த சில விநாடிகளில் அது தானே எடுத்துக்கொள்ளும்படி அணுகல் அமைப்பில் மாற்றிவைக்கலாம். ஏர்பாட்ஸ் ப்ரோவின் இரண்டாம் தலைமுறை இருந்தால், தலையை ஆட்டி அழைப்பை ஏற்கவும் இடவலமாக அசைத்து மறுக்கவும் முடியும், இருட்டிலும் படுக்கையிலும்கூட. உங்களுடையது ஆண்ட்ராய்டு என்பதால், வீட்டில் வேறு யாரிடமாவது பழைய ஐபோன் சும்மா கிடந்தால், அதை அப்பாவுக்கு அழைப்பு எடுப்பதற்கு மட்டுமாவது இப்போதே கொடுத்துவிடுங்கள். அவசரத்துக்குத் தலையசைவை மட்டும் நம்பாதீர்கள். முகம் சற்றே விலகினாலும், பேட்டரி தீர்ந்தாலும் சுட்டி நின்றுவிடும்; அவசர மருத்துவ வண்டிக்கு 995ஐ அழைக்கும் பொறுப்பு இரவில் அப்பாவின் அருகே இருப்பவருடையதாகவே இருக்கட்டும், அப்படி இருப்பவரை எழுப்ப அப்பா கன்னத்தால் அழுத்தக்கூடிய மணி ஒன்று தலையணையோரம் எப்போதும் இருக்கட்டும்.